கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: முதல் ராக்கெட்டிலிருந்து நிலா இறக்கம் வரை, புதியவர்களுக்கு

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் ஒரு ராக்கெட்டைச் சுற்றுப்பாதையில் நிறுத்த எனக்கு மூன்று வாரம் பிடித்தது. நிலாவில் உடையாமல் இறங்க இன்னும் ஒரு மாதம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் பாதிக்கு மேல், அதே நாலைந்து தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்ததில்தான் போனது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒரே மாலையில் தாண்டியிருப்பேன். உங்களுக்கு அந்த நேரமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது விளையாட்டின் முதல் பாகத்துக்கு, மோட் (பிறர் செய்து தரும் கூடுதல் மாற்றங்கள்) எதுவும் போடாத நிலைக்கு. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் பயணங்களில் கெட்டுப்போனவை பெரும்பாலும் ராக்கெட் கட்டும் கூடத்திலேயே கெட்டுப்போனவை. அதனால் பறப்பதைவிட, பறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும்.

1. ஆட்ட முறையையும் அமைப்புகளையும் தேர்ந்தெடுங்கள்

மூன்று முறைகள் உண்டு. சாண்ட்பாக்ஸில் எல்லாப் பாகமும் முதல் நாளே கிடைக்கும், பணக்கணக்கு கிடையாது. சயின்ஸ் முறையில் ஆய்வுப் புள்ளிகள் சேர்த்துப் பாகங்களைத் திறக்க வேண்டும். கேரியரில் அதோடு பணம், ஒப்பந்தம், நற்பெயர் எல்லாம் சேரும்.

புதியவர்கள் சாண்ட்பாக்ஸில் தொடங்கலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூற்றுக்கணக்கான பாகங்களைப் பார்த்ததும் எதை எடுப்பது என்றே தெரியாமல் போகும். சயின்ஸ் முறையில் ஒரு சில மாலைகள் ஆடி, பாகங்கள் பழகியதும் கேரியருக்கு வாருங்கள். அதற்கும் முன் விளையாட்டோடு வரும் பயிற்சிப் பாடங்களில் கட்டுமானம், ஏவுதல், சுற்றுப்பாதை மூன்றையும் முடித்துவிடுங்கள்.

புதிய ஆட்டம் தொடங்கும்போது, கடினத்தன்மைப் பக்கத்தில் இரண்டு வசதிகள் இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்று, பயணத்தை ஏவுதலுக்கு முந்தைய நிலைக்குத் திருப்புவது. மற்றது, எஃப்5 அழுத்திச் சேமித்து எஃப்9 அழுத்தி மீட்பது. ஹார்ட் நிலையில் இவை அணைந்திருக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இவை இல்லாமல் ஆடாதீர்கள்.

2. ஒப்பந்தத்தை முழுவதும் படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்

கேரியரில் உங்கள் வருமானமே ஒப்பந்தங்கள்தான். ஒவ்வொன்றிலும் முன்பணம், முடித்தால் கிடைக்கும் தொகை, தவறினால் தண்டம், கெடு என்று நான்கு விஷயங்கள் இருக்கும். முன்பணத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பாதியில் ரத்து செய்தாலும் தண்டம் உண்டு. தொடக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஒப்பந்தம்தான் வைத்திருக்க முடியும் என்பதால், முடிக்க முடியாத ஒன்றை எடுத்தால் பாதி வழி அடைபட்டுவிடும்.

பாகச் சோதனை ஒப்பந்தங்களில்தான் நான் அதிகம் அடிபட்டேன். ஒரு பாகத்தைக் குறிப்பிட்ட உயர எல்லைக்குள், குறிப்பிட்ட வேக எல்லைக்குள் இயக்கிக் காட்டச் சொல்வார்கள். உயரம் சரியாக இருக்கும்போது வேகம் தாண்டியிருக்கும். வேகம் சரியாகும்போது உயரம் போயிருக்கும். ஒரே ஒப்பந்தத்துக்காக மூன்று ராக்கெட்டுகளுக்குச் செலவழித்தேன். அந்தப் பாகத்தை ஸ்டேஜ் வரிசை (ஸ்பேஸ் பாரை அழுத்த அழுத்தப் பாகங்கள் இயங்கும் வரிசை) வழியாக இயக்கினால்தான் கணக்கில் வருமா என்றும் பாருங்கள். ஏவுதளத்தில் நின்றபடியே முடிக்கக்கூடிய சோதனைகளை மட்டும் ஆரம்பத்தில் எடுப்பது நல்லது.

சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஒப்பந்தத்தில் பணம் நன்றாக வரும். ஆனால் பயணியால் ராக்கெட்டை ஓட்ட முடியாது. விமானிக்கு ஓர் இருக்கையோ, ஆளில்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ தனியாக வேண்டும்.

மீட்பு ஒப்பந்தங்களை மட்டும் எப்போது வந்தாலும் எடுங்கள். சுற்றுப்பாதையில் தவிக்கும் ஒரு கெர்பலை, அதாவது விளையாட்டின் விண்வெளி வீரரை, கூட்டிவர வேண்டும். மீண்டு வருபவர் உங்கள் குழுவிலேயே சேர்ந்துவிடுவார், புதிதாக ஆள் எடுக்கும் செலவு மிச்சம். முதல் தடவை நான் ஒற்றை இருக்கைக் கலத்தில் விமானியை உட்காரவைத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் பாடுபட்டு அவர் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான், ஏற்றிக்கொள்ள இடமில்லை என்று தெரிந்தது. இருக்கையைக் காலியாக விட்டு, ஆளில்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்தி அனுப்புங்கள்.

3. பணத்தை எங்கே போடுவது

நார்மல் நிலையில் 25,000 நிதியோடு தொடங்குவீர்கள். ஏவுதளம் 18 டன் வரைதான் தாங்கும், கட்டும் கூடம் 30 பாகங்கள் வரைதான் அனுமதிக்கும். சுற்றுப்பாதைக்குப் போக இதுவே போதும். ஆகவே கட்டடங்களை மேம்படுத்த அவசரப்படாதீர்கள்.

என் வரிசை இதுதான். முதலில் கண்காணிப்பு நிலையமும் திட்டக் கட்டுப்பாட்டு மையமும். இரண்டையும் ஒரு படி உயர்த்தினால்தான் வரைபடத்தில் மேனுவர் நோட் (எங்கே, எவ்வளவு எரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறிக்கும் புள்ளி) போட முடியும். ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டு நோட் ஏன் வரவில்லை என்று நான் நெடுநேரம் தேடினேன். அடுத்தது விண்வெளி வீரர் கட்டடம். அதை உயர்த்தாதவரை விண்வெளியில் கலத்தைவிட்டு வெளியே வர முடியாது. அப்புறம் ஏவுதளம். ஆராய்ச்சி மையத்தை மேம்படுத்துவதற்குத்தான் செலவு மிக அதிகம். அதைக் கடைசியில் வையுங்கள்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, திரும்பி வரும் இடம். மீட்கப்படும் பாகங்களுக்குக் கிடைக்கும் தொகை, நீங்கள் தரையிறங்கும் இடம் விண்வெளி மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. ஓடுபாதையிலேயே இறங்கினால் முழு விலை, கோளின் மறுபுறம் விழுந்தால் மிகச் சிறிய பங்கு.

4. கட்டும் கூடத்தில் அரைமணி நேரம் கூடுதலாக இருங்கள்

முதலில், வேலை செய்யும் ஒரு ராக்கெட்டின் வரிசையைத் தருகிறேன். மேலிருந்து கீழாக: பாராசூட், எம்கே1 கலம், ஒரு பிரிப்பான், ஒரு எஃப்எல்-டி400 டேங்க், டெரியர் எஞ்சின், இன்னொரு பிரிப்பான், மூன்று எஃப்எல்-டி400 டேங்க், ஸ்விவல் எஞ்சின், அடியில் மூன்று அல்லது நான்கு துடுப்புகள். மொத்த எடை சுமார் 12 டன். எல்லாமே ஆரம்பக்கட்ட ஆராய்ச்சிகளில் திறந்துவிடும் பாகங்கள். இது சுற்றுப்பாதைக்குப் போய், கையில் மிச்ச எரிபொருளோடும் இருக்கும்.

ஏன் இந்த எஞ்சின்கள்? டெரியர் வெற்றிடத்துக்கான எஞ்சின். வெற்றிடத்தில் அதன் உந்துவிசை 60 கிலோநியூட்டன். தரைமட்டக் காற்றழுத்தத்தில் அதில் கால் பங்குகூடக் கிடைக்காது. சிக்கனமான எஞ்சின் என்று படித்துவிட்டு அதை முதல் அடுக்கில் வைத்தேன், ராக்கெட் ஏவுதளத்தைவிட்டு அசையவே இல்லை. ஸ்விவலின் வாய் லேசாகத் திரும்பும் என்பதால் ராக்கெட்டைத் திசைதிருப்ப முடியும். ரிலையன்ட் எஞ்சினுக்கு விசை அதிகம், ஆனால் வாய் திரும்பாது. அதை மட்டும் வைத்துப் பறந்தால் கட்டுப்பாட்டுக்குத் துடுப்புகளைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு எண்களைப் பார்க்காமல் கூடத்தைவிட்டு வெளியே வராதீர்கள். ஒன்று, உந்துவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம். ஏவும்போது அது 1.3 முதல் 1.7 வரை இருந்தால் நல்லது. 1க்குக் கீழே போனால் ராக்கெட் எழாது. 2ஐத் தாண்டினால் அடர்ந்த காற்றில் வேகம் கூடி எரிபொருள் வீணாகும். திட எரிபொருள் பூஸ்டரை நடுவழியில் அணைக்கவோ குறைக்கவோ முடியாது. அதன் உந்துவிசை வரம்பைக் கூடத்திலேயே குறைத்துவைக்க வேண்டும்.

மற்றது டெல்டா-வி, அதாவது உங்கள் ராக்கெட்டால் மொத்தம் எவ்வளவு வேக மாற்றம் செய்ய முடியும் என்பது. வீட்டுச் செலவுக்குக் கையில் இருக்கும் தொகையைப் போல இதைப் பாருங்கள். நீங்கள் புறப்படும் கோளான கெர்பினிலிருந்து சுற்றுப்பாதைக்கு விநாடிக்கு 3,400 மீட்டர் வேண்டும். டேங்கைக் கூட்டிக்கொண்டே போனால் இது அதே அளவில் கூடாது; எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். எஞ்சினின் சிக்கனத்தைக் காட்டும் ஐ.எஸ்.பி. எண்ணை 9.81ஆல் பெருக்கி, முழு எடைக்கும் காலி எடைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் மறுபடி பெருக்கினால் டெல்டா-வி வரும். டெரியருக்கு ஐ.எஸ்.பி. 345. முழு எடை காலி எடையைப் போல இரண்டு மடங்கு என்றால் சுமார் 2,350 கிடைக்கும். விளையாட்டே இதைக் கணக்கிட்டுக் காட்டும் என்றாலும், ஒரு தடவை தாளில் போட்டுப் பாருங்கள். எனக்கு அப்போதுதான், மேல் அடுக்கில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிந்தது.

இனி ஸ்டேஜிங். திரையின் வலப்பக்கம் உள்ள வரிசையில் கீழே இருப்பது முதலில் இயங்கும். பாகங்களைக் கழற்றி மாட்டும்போது இந்த வரிசை தானாகக் கலைந்துவிடும். பாராசூட்டும் முதல் எஞ்சினும் ஒரே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் எத்தனை முறை ஸ்பேஸ் பாரை அழுத்தியிருக்கிறேன்! கடைசி மாற்றத்துக்குப் பிறகு ஒருமுறை, கீழிருந்து மேலாக வாய்விட்டுப் படியுங்கள்: ஸ்விவல் எரியும், பிரிப்பான் விலகும், டெரியர் எரியும், பிரிப்பான் விலகும், பாராசூட் விரியும். ஐந்தே வரி, பத்து விநாடி.

கூடத்திலிருந்து கிளம்பும் முன் நான் ஒரு தாளில் எழுதிவைப்பவை: மொத்த எடை, ஒவ்வோர் அடுக்கின் டெல்டா-வி, ஸ்டேஜ் வரிசை, பேட்டரி, ஏணி, பாராசூட், ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தின் நிபந்தனை. ஆளில்லாக் கலமாக இருந்தால் சூரியத் தகடும் ஆன்டெனாவும். மின்சாரம் தீர்ந்த ஆளில்லாக் கலத்தை மறுபடி எழுப்ப முடியாது.

5. ஏவும்போது கிழக்கே சாயுங்கள்

முதலில் எல்லோரும் செய்யும் தவறு, நேராக மேலே போவது. நானும் 100 கிலோமீட்டர் வரை நேராக ஏறினேன். வளிமண்டலம் 70 கிலோமீட்டரில் முடிகிறது, ஆகவே விண்வெளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன். எரிபொருள் தீர்ந்ததும் ராக்கெட் வந்த வழியே விழுந்தது. சுற்றுப்பாதை என்பது உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகத்தைத்தான் கேட்கிறது. 80 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாகச் சுற்ற, விநாடிக்கு ஏறத்தாழ 2,280 மீட்டர் வேகம் வேண்டும்.

ராக்கெட்டைத் தானாக நிலைப்படுத்தும் எஸ்.ஏ.எஸ்.ஐ இயக்கி, இசட் அழுத்தி எஞ்சினை முழுவிசைக்குக் கொண்டுவந்து, ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். வேகம் 50 முதல் 100 மீட்டருக்குள் வரும்போது கிழக்கே ஐந்து பாகை சாயுங்கள். கெர்பினின் சுழற்சியால் கிழக்குத் திசையில் 175 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கும். அதன் பிறகு நேவ்பாலில் (திசைகாட்டும் உருண்டை) உள்ள புரோகிரேட் குறியை (நீங்கள் போகும் திசை) ஒட்டியே மூக்கை மெல்லக் கீழே கொண்டுவாருங்கள். 10 கிலோமீட்டர் உயரத்தில் 45 பாகை என்பது நல்ல கணக்கு.

ராக்கெட் தலைகீழாகப் புரண்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: அடியில் துடுப்பு இல்லை, அல்லது புரோகிரேட் குறியைவிட்டு மூக்கை வேகமாகத் திருப்பிவிட்டீர்கள்.

வரைபடத்தில் அபோயாப்சிஸ் (பாதையின் மிக உயர்ந்த புள்ளி) 80 கிலோமீட்டரைத் தொட்டதும் எக்ஸ் அழுத்தி எஞ்சினை நிறுத்துங்கள். மேலே மிதந்து போகும் வரை காத்திருங்கள். மேனுவர் நோட் இருந்தால், எரிக்க வேண்டிய நேரத்தில் பாதிக்கு முன்னால் தொடங்குங்கள்: 40 விநாடி எரிக்க வேண்டுமென்றால், அபோயாப்சிஸுக்கு 20 விநாடி முன்பு. பெரியாப்சிஸும் (மிகத் தாழ்ந்த புள்ளி) 70 கிலோமீட்டரைத் தாண்டியவுடன் நீங்கள் சுற்றுப்பாதையில் இருக்கிறீர்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கெர்பினைச் சுற்றிவருவீர்கள். முதல் தடவை அந்த வட்டம் மூடியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

6. திரும்பி வர எரிபொருள் வைத்திருங்கள்

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். என் விமானி ஜெபடயாவைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது டேங்கில் ஒரு சொட்டு எரிபொருள் இல்லை. பெரியாப்சிஸ் 72 கிலோமீட்டர். காற்றுக்கு இரண்டே கிலோமீட்டர் மேலே. அந்தப் பாதையில் அவர் எத்தனை காலமானாலும் சுற்றிக்கொண்டேதான் இருப்பார்.

நல்லவேளையாக வீரர் கட்டடத்தை ஏற்கெனவே உயர்த்தியிருந்தேன். அவரை வெளியே வரச்செய்து, அபோயாப்சிஸில் கலத்தின் முன்பக்கம் போய் நின்று, முதுகிலிருக்கும் ஜெட்பேக்கால் பயணத்துக்கு எதிர்த்திசையில் கலத்தைத் தள்ளவைத்தேன். கலம் சுழலத் தொடங்கினால் உள்ளே போய் நிலைப்படுத்திவிட்டு மறுபடி வெளியே. பத்து மீட்டர் வேகத்தைக் குறைக்க ஒரு மணி நேரம் ஆனது. பெரியாப்சிஸ் 60 கிலோமீட்டருக்கு இறங்கியது. அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைத் தின்று அவரைக் கீழே கொண்டுவந்தது. கலத்துக்கு வெளியே போகும் முன் எஃப்5 அழுத்த மறக்காதீர்கள்.

இந்தப் பாடு வேண்டாமென்றால், குறைந்தது 100 மீட்டர் டெல்டா-வியை இறங்குவதற்கென்று ஒதுக்கிவையுங்கள். ரெட்ரோகிரேட் (பயணத்துக்கு எதிர்த்திசை) பக்கம் திரும்பி எரித்து, பெரியாப்சிஸை 30 முதல் 35 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் அடுக்கைக் கழற்றிவிட்டு, கலத்தின் அடிப்புறத்தை முன்னால் வைத்து நுழையுங்கள். நிலாவிலிருந்து திரும்பும்போது வேகம் அதிகம் என்பதால் அடியில் வெப்பக் கவசம் கட்டாயம். பாராசூட்டின் குறி சிவப்பாக இருக்கும்வரை விரிக்கக் கூடாது, கிழிந்துவிடும்.

7. முதல் நிலா இறக்கத்துக்கு மின்மஸைப் பாருங்கள்

கெர்பினுக்கு மன், மின்மஸ் என்று இரண்டு நிலாக்கள். மன் பக்கத்தில் இருக்கிறது என்பதால் எல்லோரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். டெல்டா-வி கணக்கைப் பாருங்கள் (விநாடிக்கு மீட்டரில்). கெர்பின் சுற்றுப்பாதையிலிருந்து மன்னுக்குப் புறப்பட 860, அங்கே பிடிபட 310, இறங்க 580, மறுபடி ஏற 580, வீடு திரும்ப 310. மொத்தம் 2,640. மின்மஸுக்கு அதே வரிசையில் 930, 160, 180, 180, 160. மொத்தம் 1,610. தொலைவில் இருந்தாலும் ஈர்ப்பு மிகக் குறைவு, ஆகவே ஏறத்தாழ 1,000 மீட்டர் மிச்சம். சமதளமான பெரிய பரப்புகளும் அங்கே உண்டு. சரிவில் இறங்கிக் கவிழும் பயம் இல்லை. என் மூன்று மன் இறங்குகலங்கள் சரிவில்தான் கவிழ்ந்தன.

மின்மஸில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அதன் பாதை 6 பாகை சாய்ந்திருக்கிறது. புறப்படும் முன் அதை இலக்காகக் குறித்து, இரு பாதைகளும் வெட்டும் புள்ளியில் உங்கள் பாதையையும் சாய்த்துக்கொள்ளுங்கள்; இதற்கென்று கொஞ்சம் டெல்டா-வி தனியாக வேண்டும். இன்னொன்று நேரம்: மன்னுக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல், மின்மஸுக்குக் கெர்பின் கணக்கில் ஒன்பது நாள். கெர்பினில் ஒரு நாள் என்பது 6 மணி நேரம். நேரத்தை வேகமாக ஓட்டும்போது ஒப்பந்தங்களின் கெடுவும் சேர்ந்து ஓடும். எரிக்க வேண்டிய புள்ளியைத் தாண்டி ஓட்டிவிடாமல் இருக்க, 1.12 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கும் அலாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னுக்குத்தான் போவேன் என்றால் எளிய வழி ஒன்று உண்டு. தாழ்வான சுற்றுப்பாதையில் வரும்போது, அடிவானத்தில் மன் எழுவது தெரிந்ததும் புரோகிரேட் திசையில் எரியுங்கள். பாதை அதைத் தொட்டுவிடும்.

இறங்கும்போது நேவ்பாலின் வேகக் கட்டத்தைத் தரைமுறைக்கு மாற்றுங்கள். ரெட்ரோகிரேட் குறியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டு வேகத்தை முதலில் சாகடியுங்கள். உயரமானி இயல்பாகக் காட்டுவது கடல்மட்டக் கணக்கு, உங்களுக்குக் கீழே உள்ள தரைக்கு அல்ல. மேட்டு நிலத்தில் 2,000 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மோதிவிட்டேன். கலத்தின் நிழல் உங்களை நோக்கி ஓடிவருவதைப் பாருங்கள். அதற்காகவே பகல் பக்கம் இறங்க வேண்டும். தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 3 மீட்டருக்குள் இருக்கட்டும்.

8. இரண்டு கலங்களை இணைக்கும்போது

இதை மீட்பு ஒப்பந்தம் ஒன்றிரண்டு முடித்த பிறகு முயலுங்கள்; பக்கத்தில் போய் நிற்பது அதிலேயே பழகிவிடும். மற்ற கலத்தை இலக்காக்கி, வரைபடத்தில் மிக நெருங்கும் தூரத்தை ஒரு கிலோமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். அங்கே சேர்ந்ததும் நேவ்பாலை இலக்கு முறைக்கு மாற்றி, ரெட்ரோகிரேட் பக்கம் எரித்து வேகத்தைச் சுழியாக்குங்கள். பிறகு இலக்கை நோக்கி மெல்ல நகருங்கள், மறுபடி நிறுத்துங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி.

இரு இணைப்பு வாய்களும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி இரண்டு கலங்களையும் திருப்பிவிட்டு, விநாடிக்கு 0.3 மீட்டருக்குக் கீழே நெருங்குங்கள். வாய்களில் காந்தம் இருக்கிறது. தொட்டும் சேராமல் ஆடிக்கொண்டிருந்தால் சிறு உந்துகுழல்களான ஆர்.சி.எஸ்.ஐயும் எஸ்.ஏ.எஸ்.ஐயும் அணைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சில விநாடிகளில் தானாகவே கவ்விக்கொள்ளும்.